பேரவைக் குறிப்பில் இட்வாலின் பெயர்

ஹைல்வென் ப்ரோபர்ட்டுக்குப் பதினோரு வருடம் நான் உரை எழுதிக் கொடுத்தேன். ஒன்றைக்கூட அவர் முழுதாகப் படித்ததில்லை. எழுந்து நிற்பார், தாளை ஒரு முறை பார்ப்பார், கவிழ்த்து வைத்துவிடுவார். அதன் பிறகு வருவதெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. அவைத்தலைவர் மைக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார். கார்டிஃப் விரிகுடாவில், வேல்ஸ் பேரவையின் அந்த மரக்கூரைக்குக் கீழே அவருக்கு நண்பர்கள் குறைவு, வேடிக்கை பார்க்கிறவர்கள் அதிகம்.

அரசியலுக்கு வருமுன் இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்த பெண்மணி. எங்கள் தொகுதியில் கூம் ஹெலிகன் பள்ளத்தாக்கின் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடியபோது மற்றவர்கள் ஓர் அறிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஹைல்வென் விடவில்லை. இரண்டு வருடத்தில் முப்பத்தொரு முறை அதைப் பற்றிப் பேசினார். ஆங்கிலத்தில் தொடங்குவார், கோபம் ஏறினால் வெல்ஷுக்கு மாறிவிடுவார். மொழிபெயர்ப்பைக் கேட்க எதிர்வரிசையில் பாதிப் பேர் காதில் கருவி மாட்ட வேண்டும். சிலர் மாட்டுவதே இல்லை.

"வந்துட்டாங்கய்யா ஆம்புலன்ஸ்காரம்மா. சைரன் ஒண்ணுதான் குறை," என்று ஒரு நாள் ஆளுங்கட்சியின் செல்வின் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

ஹைல்வெனுக்குக் காது கூர்மை. "சைரன் கேட்டா ஒதுங்கி வழி விடணும் செல்வின். உங்க ஆளுங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாதே!"

அவை சிரித்தது. கடைசியில் சுகாதார அமைச்சர் பெர்வின் ஹாப்கின் எழுந்து, "உறுப்பினரின் பங்களிப்புக்கு நன்றி," என்றார். முப்பத்தொரு முறையும் இந்த வாக்கியம்தான்.

ஜனவரி இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூம் ஹெலிகனில் இட்வால் பெய்னன் இறந்துபோனார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், ஐம்பத்தெட்டு வயது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது.

அவருடைய மனைவி மென்னா, ஹைல்வெனோடு ஒரே வகுப்பில் படித்தவர். இருவரும் நாற்பது வருடமாக ஒரே தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர்கள். அடக்கம் முடிந்த மறுநாள் நானும் ஹைல்வெனும் போனோம். யாரோ கொண்டுவந்து வைத்த பாரா ப்ரித் பழரொட்டி மேசையில் வெட்டாமல் இருந்தது. மென்னா மூன்று கோப்பைத் தேநீர் ஊற்றினார். யாரும் தொடவில்லை.

"ரோடு பூரா அவருக்கு மனப்பாடம் இல்லையா," என்றார் மென்னா. "வண்டி கிளம்பிருச்சுன்னு போன்ல சொன்னாங்க. அதுலேருந்து சொல்லிக்கிட்டே இருந்தார். 'இப்ப பெட்ரோல் பங்க் தாண்டிருப்பான். இப்ப பாலத்துகிட்ட இருப்பான்.' முடிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து. மூணு தடவை அந்த வண்டிய ஊருக்குக் கொண்டுவந்தார்டி. மூணாவது தடவை பாலம் வரைக்கும்தான்."

ஹைல்வென் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட சொல்றேன். அந்த அவைக்கு இல்ல," என்றார் மென்னா. "அவர் பேரை அங்க எடுக்காத. அவங்கம்மாவுக்கு எண்பத்தாறு வயசு. தூக்கத்துலயே போயிட்டார், வலியே இல்லைன்னு சொல்லிருக்கோம். அவங்க இருக்கற முதியோர் இல்லத்துல நாள் பூரா டிவி ஓடும். புரியுதா?"

"புரியுது. எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா, மென்னா."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதால் கேட்டேன்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மதியம் எங்கள் கட்சியின் தீர்மானம் விவாதத்துக்கு வந்தது: நிலையத்தை மீண்டும் திறக்க அரசை வலியுறுத்துவது. இந்த முறை ஜெயிப்போம் என்று நம்பினோம். கிண்டலடித்த அதே செல்வின் வாரக்கடைசியில் ஹைல்வெனுக்குப் போன் செய்து, "என் மாமியாரும் அந்தப் பக்கம்தான். எதிர்த்து ஓட்டுப் போட மாட்டேன், ஒதுங்கிக்கிறேன்," என்று சொல்லியிருந்தார். அவர் ஒதுங்கினால் எங்களுக்கு ஒரு ஓட்டு அதிகம்.

நான் மேலே கண்ணாடிக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். ஹைல்வென் அன்று தாளைக் கவிழ்க்கவில்லை. நான் எழுதியதை வரிவரியாக, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போலப் படித்தார். நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

பெர்வின் ஹாப்கின் பதில் சொல்ல எழுந்தார். அவர் கெட்டவர் அல்ல. களைத்துப்போன மனிதர். "உறுப்பினர் ரெண்டு வருஷமா 'யாராவது சாகத்தான் போறாங்க'ன்னு சொல்றாங்க. மக்களைப் பயமுறுத்துறது சுலபம்," என்றார். "ஒரு உதாரணம் சொல்லட்டும். ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு பேர்."

எதிர்வரிசையில் மேசை தட்டினார்கள். யாரோ, "சொல்லுங்கம்மா, பேரைச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

ஹைல்வென் குறுக்கிட அனுமதி கேட்டு எழுந்தார். வேண்டாம், உட்காருங்கள் என்று நான் மேலே கண்ணாடிக்குப் பின்னால் வாய்விட்டுச் சொன்னேன். கீழே எப்படிக் கேட்கும்?

"இட்வால் பெய்னன்," என்றார் ஹைல்வென்.

பிறகு வெல்ஷுக்கு மாறினார். இந்த முறை எல்லோரும் கருவியை மாட்டினார்கள். பெட்ரோல் பங்க், பாலம், மூன்று முறை, எல்லாவற்றையும் சொன்னார். குரல் உயரவே இல்லை. உட்கார்ந்தார். ஆளுங்கட்சி வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அதில் ஒருவர் செல்வின்.

மாலை ஐந்தரைக்கு ஓட்டெடுப்பு. ஆதரவாக இருபத்தொன்பது, எதிராக இருபத்தொன்பது. செல்வின் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். கட்சிக் கொறடா தேநீர் நேரத்தில் அவரைத் தனியே அழைத்துப் போனதை நான் பார்த்தேன். சமமாக வந்தால் அவைத்தலைவர் தன் ஓட்டைத் தீர்மானத்துக்கு எதிராகப் போட வேண்டும், அது விதி. போட்டார். தீர்மானம் தோற்றது.

நடைவழியில் பெர்வின் ஹாப்கின் எங்களை நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது. "எனக்குத் தெரியாது ஹைல்வென். முன்னாடியே வந்து சொல்லிருந்தா அப்படிக் கேட்டிருக்கவே மாட்டேன்." சற்று நின்று, "ஒருவேளை நீங்க ஜெயிச்சிருந்தாலும் அது வெறும் பரிந்துரைதான். நிதி இல்ல. உங்களுக்கும் அது தெரியும்," என்றார்.

"தெரியும்," என்றார் ஹைல்வென்.

ஆறு மணிச் செய்தியில் அந்த ஒன்றரை நிமிடத்தை முழுதாகக் காட்டினார்கள். ஹைல்வென் மென்னாவுக்கு ஏழு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகலில் இருவரும் காரில் போனோம். அந்தப் பெட்ரோல் பங்க், அந்தப் பாலம். ஹைல்வென் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

மென்னா கதவைப் பாதிதான் திறந்தார்.

"இட்வாலோட அம்மா கேட்டுட்டாங்களா?" என்றார் ஹைல்வென்.

"கேட்டாங்க. சாயங்கால டீயோட உக்காந்திருந்தாங்களாம். சாப்பிட மாட்டேங்கறாங்க. 'என் புள்ள எவ்வளவு நேரம் முழிச்சிருந்தான், எவ்வளவு நேரம் வலிச்சுது'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் என்ன சொல்ல?"

"மென்னா, அந்த அமைச்சர் அப்படிக் கேட்டப்போ என்னால..."

"அங்க யாராவது அழுதாங்களா?"

"ரெண்டு பேர்."

"ஓட்டுப் போட்டாங்களா?"

ஹைல்வென் இல்லை என்று தலையை அசைத்தார். 

"அதை அங்கேருந்து எடுத்துரு," என்றார் மென்னா. "என்னவோ புஸ்தகத்துல எல்லாத்தையும் எழுதி வைப்பீங்களாமே. என் வீட்டுச் சமையலறைல நடந்தது அதுல இருக்கக் கூடாது. எடுத்துட்டு வந்து சொல்லு. அதுக்கப்புறம் பாக்கலாம்."

கதவு சாத்தப்பட்டது.

திங்கட்கிழமை, அவையில் பேசியதையெல்லாம் பதிவுசெய்யும் குறிப்பேட்டு அலுவலகத்துக்குப் போனோம். அதன் பொறுப்பாளர் நெஸ்டா, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருக்கும் மென்மையான பெண்மணி. ஹைல்வெனை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க பேசினதை நாங்க தப்பா எழுதிருந்தா திருத்தலாம், ஹைல்வென். தப்பா எழுதலையே. சொன்னது சொன்னதுதான். எனக்கு அதிகாரம் இல்ல."

"ஒரு பேர்தான் நெஸ்டா. ஒரு பேரும் நாலு வரியும்."

"நீங்களே எத்தனை தடவை இங்க வந்து சண்டை போட்டிருக்கீங்க. 'நான் சொன்னது ஒரு வார்த்தை விடாம இருக்கணும்'னு. உங்களுக்கு எடுத்தா நாளைக்கு அமைச்சருக்கும் எடுக்கணும். நீங்கதான் முதல்ல சத்தம் போடுவீங்க."

"ஆமா," என்றார் ஹைல்வென். "நான்தான் போடுவேன்."

அவைத்தலைவருக்கு எழுதினோம். அன்பான பதில் வந்தது, முடியாது என்று. குறிப்பு வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் வெளியாகிவிட்டது. இட்வாலின் பெயரைத் தேடுகிற யாருக்கும் முதலில் அதுதான் வரும்.

அதன் பிறகு ஹைல்வென் கூம் ஹெலிகனுக்குப் போகவில்லை. போய்ச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. பாடகர் குழுவையும் நிறுத்திவிட்டார். மார்ச் மாதம் இட்வாலின் அம்மா இறந்ததைச் செய்தித்தாளின் துக்க அறிவிப்பில்தான் படித்தோம். அவையில் ஹைல்வென் தொடர்ந்து உட்கார்ந்தார், ஓட்டுப் போட்டார். பேசச் சொல்லிக் கட்சியில் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றார்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய நாள் ஒரு கடிதம் வந்தது. எங்கள் தொகுதியின் வடக்கு முனையிலிருந்து ரோன்வென் டெக்விக் என்ற பெண் எழுதியிருந்தார். அவருடைய தம்பி ஆம்புலன்ஸுக்காக மூன்று மணி நேரம் காத்திருந்து இறந்துபோனான். "டிவியில் உங்களைப் பார்த்தேன். என் தம்பி பேரையும் அங்கே சொல்லுங்கள். யாராவது சத்தமாகச் சொன்னால் போதும்," என்று எழுதி, அவனுடைய முழுப்பெயரைப் பெரிய எழுத்தில் அடிக்கோடிட்டிருந்தார்.

ஹைல்வென் நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு என் மேசையில் வைத்தார்.

"நீயே பதில் போட்டுரு ட்ரெவோர்."

"என்னன்னு போட?"

அவர் கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். அதற்கு வெகுநேரம் ஆனது. "தெரியலப்பா," என்றார், வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழையில் தண்ணீரோரமாக நடந்துகொண்டிருந்தார்.

நான் தாளை எடுத்தேன். 'அன்புள்ள ரோன்வென், உங்கள் கடிதம் கிடைத்தது' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை.