பன்னிரண்டாவது பச்சை

“அங்க ஒரு புள்ளி கூட இருக்கு. எடுத்துடு” என்றான் தம்பி.

கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். அக்கா அப்போதுதான் அவன் நிரலின் புதுப் பதிப்புக்கான குறிப்பின் மூன்றாவது வரியை வாசித்து முடித்திருந்தாள். வாசித்தால் புள்ளி காதில் விழுமா என்ன? அவள் தயங்கி நிறுத்திய விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். மடியிலிருந்த லேப்டாப்பில் பார்த்தாள். வரிக் கடைசியில் இரண்டு புள்ளிகள். ஒன்றை அழித்தாள்.

‘உயிர் போற நேரத்துலயும் புள்ளி எண்ணு’ என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள். போன மாதமாக இருந்தால் சொல்லியிருப்பாள், அவனும் சிரித்திருப்பான்.

மூன்று வாரமாக அவன் கைகள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஈரல் கெட்டால் கை ஏன் நடுங்க வேண்டும் என்று அக்காவுக்குப் புரியவில்லை. டாக்டர் விளக்கியபோது தலையாட்டி வைத்தாள். நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்து, அவன் சொல்லச் சொல்லத் தட்டினாள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் ஊரார் சொத்தையெல்லாம் தட்டிப் பழகிய கை. அர்த்தம்தான் பாதிக்கு மேல் விளங்காது.

அவன் ஒரு லைப்ரரி வைத்திருந்தான். அலுவலகத்தில் இதைச் சொன்னால் “எத்தனை புக்கு இருக்கும்?” என்று கேட்பார்கள். புத்தகமும் இல்லை, அலமாரியும் இல்லை. மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு சின்ன நிரல்தொகுப்பு, அவ்வளவுதான். பார்வையில்லாதவர்களுக்குக் கணினி திரையை வாசித்துக் காட்டும்போது, எதை எப்படி உச்சரிப்பது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இலவசம். பதினான்கு வருஷமாகத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எதையோ சுருக்கப் போய், தசமப் புள்ளியை விழுங்கிவிடும் ஒரு பிழையை அவனே உள்ளே விட்டுவிட்டான். போன வருஷம் கண் தெரியாத ஒரு தாய் எழுதியிருந்தாள். குழந்தையின் மருந்துச் சீட்டில் 2.5 மில்லி என்று இருந்ததைக் கணினி இருபத்தைந்து மில்லி என்று வாசித்ததாம். ‘எனக்குச் சந்தேகம் வந்து மருந்துக் கடைக்குப் போன் செய்தேன். எல்லாருக்கும் சந்தேகம் வருமா?’ அந்தக் கடிதத்துக்கு அவன் பதில் எழுதவில்லை. திருத்திவிட்டு எழுதுகிறேன் என்றான்.

திருத்தித் தொலைத்தானா? அங்கேதான் அவன் புத்தி. ஒரு ஒட்டுப் போட்டு வெளியே விட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கொக்குகூட இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தான். கொக்கு என்பவன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைத் தொகுத்து வெளியிடும் ஒரு குழுவில் தன்னார்வலன். தம்பியின் லைப்ரரியைப் பொட்டலம் கட்டி அதில் சேர்ப்பது அவன் பொறுப்பு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒற்றைக் காலில் நின்று காத்திருப்பதால் தம்பி வைத்த பெயர் அது. “சின்னதா அந்த ஒண்ண மட்டும் சரி பண்ணிக் குடுங்கண்ணே” என்றான் கொக்கு. “பாதி வேலைய வெளிய விடமாட்டேன்” என்றான் இவன். ஒழுகும் இடத்தில் ஓடு மாற்றச் சொன்னால் வீட்டையே இடித்துக் கட்டுகிற ஆள். பதினான்கு மாதம் கட்டினான். இப்போது அந்தத் திருத்தத்தை மட்டும் தனியே உருவிக் கொடு என்றால் அவனைத் தவிர யாராலும் முடியாது.

இன்று மாலை ஆறு மணிக்குக் கொக்கின் குழு கதவைச் சாத்துகிறது. அதற்குமேல் புதிய பதிப்பு எதையும் சேர்க்க மாட்டார்கள். தவறவிட்டால், புள்ளியை விழுங்கும் பழையதே இன்னும் இரண்டு வருஷம் எத்தனையோ வீடுகளில் வாசித்துக்கொண்டிருக்கும்.

“எத்தனை?” என்றான் தம்பி.

பன்னிரண்டு வகைக் கணினிகளில் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. தேறினால் பச்சை.

“பதினொண்ணு பச்ச. ஒண்ணு மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு.”

“அது கிழட்டு மெஷின். மெதுவாத்தான் வரும்.”

“இப்பவே தொட்டுடேன்டா. பதினொண்ணு போதாதா?”

“போன தடவையும் போதும்னுதான விட்டேன்” என்றான்.

அக்கா மறுபடி திரையைப் பார்த்தாள்.

தொடுவதுதான் கடைசி வேலை. லேப்டாப்பின் ஓரத்தில் நகமளவு குச்சி ஒன்று செருகியிருந்தது. ரகசிய எண்ணைத் தட்டி, குச்சியின் தலையிலிருக்கும் பித்தளை வட்டத்தை விரலால் தொட்டால், இன்னார் இத்தனை மணிக்கு ஒப்பமிட்டார் என்று அழியாமல் பதிந்துவிடும். அந்த ஒப்பம் இல்லாத எதையும் கொக்கின் குழு வாங்காது. இன்னொருவருக்கும் அந்த உரிமையைக் கொடுத்து வை என்று எல்லாரும் சொன்னார்கள். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே பதினான்கு வருஷம் ஓட்டிவிட்டான். இந்த மூன்று வாரத்தில் இரண்டு வெள்ளோட்டப் பதிப்புகள் போயின. இரண்டுக்கும் எண்ணைத் தட்டியது அக்கா. “தொடறது மட்டும் நான்” என்று நடுங்கும் விரலை அவனே கொண்டுபோய் வைத்தான்.

தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். கரண்டியால் உதட்டை நனைத்தாள்.

“அண்ணி, அந்தப் பொட்டியக் கொஞ்ச நேரம் மூடி வைங்களேன். நானும் இந்த வீட்லதான் இருக்கேன்.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அக்கா மூடியைப் பாதி தாழ்த்தினாள்.

“கோவிச்சுக்காத” என்றான் தம்பி மனைவியிடம். “இன்னிக்கு ஒரு நாள். நாளையிலேருந்து உன் இஷ்டம்.”

“இப்படித்தான் கல்யாணமான மறுநாளும் சொன்னீங்க.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவன் பேசவில்லை. மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டது. ஒரு மூச்சு வந்து, அடுத்தது வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அக்கா பழக்கதோஷத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது.

“அண்ணி…”

“ம்.”

“அவ்ளோதானா?”

அக்கா லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். தலையணைக்குப் பக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என்னைவிட எட்டு வயசு சின்னவன்டா நீ, என்ன அவசரம் உனக்கு என்று வாய்விட்டே கேட்டாள். தம்பி மனைவிக்கு அழுகை வரவில்லை. கையை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டருக்குச் சொல்ல வேண்டும், சொந்தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுக்க எழுந்தபோது மணி நாலு இருபத்தைந்து. பாதி மூடிய திரையில் வெளிச்சம் மாறியிருந்தது. திறந்து பார்த்தாள். பன்னிரண்டாவதும் பச்சை.

பாவி, அரை மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? இதை யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மெஷினையா, அவனையா?

கையில் எடுத்த போன் அடித்தது. கொக்கு.

“அக்கா, பன்னெண்டும் வந்துடுச்சு, பாத்தீங்களா? அண்ணன் ஒப்பம் மட்டும் வந்தாப் போதும், நான் உடனே ஏத்திடுவேன். ஆனா அஞ்சு மணிக்குள்ள வேணும்க்கா. அதுக்கப்புறம் எனக்கு ஒரு மணி நேர வேல இருக்கு.”

“சரிப்பா.”

“அண்ணன் எப்படி இருக்காரு?”

கொக்கு நேர்மையான பையன். உண்மையைச் சொன்னால் அழுவான். ஓடி வருவான். செத்தவர் ஒப்பத்தோடு எதையும் ஏற்ற மாட்டான். கதவு சாத்திவிடும்.

“தூங்குறான்” என்றாள் அக்கா.

“எழுப்புறது பாவந்தான். இருந்தாலும்…”

“பாக்குறேன்” என்று வைத்துவிட்டாள்.

அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. லேப்டாப்பை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அலுவலகத்துக்கு ஒருமுறை ஒரு பெரியவரின் கைரேகை வைத்த பத்திரம் வந்தது. ரேகை கொஞ்சமும் அசங்காமல், அச்சடித்த மாதிரி இருந்தது. சந்தேகப்பட்டு விசாரித்து, இறப்புச் சான்றிதழை வரவழைத்தாள். ரேகை வைத்ததற்கு ஆறு மணி நேரம் முன்பே உயிர் போயிருந்தது. மூத்த மகன் மேசைக்கு முன்னால் நின்று அழுதான். அப்பா கடைசி வரைக்கும் இதைத்தான் சொன்னார் என்றான். ‘சொன்னாரா, வச்சாரா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். அன்று இரவு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

தம்பியாவது சொன்னானா? பன்னிரண்டும் வரட்டும் என்றான். வந்தால் தொடுவேன் என்று சொல்லவில்லை. போன வருஷம் ஒருமுறை எல்லாம் பச்சையான பிறகும் அஞ்சு நிமிஷம் திரையை முறைத்துப் பார்த்துவிட்டு ‘இல்ல, என்னமோ இடிக்குது’ என்று எழுந்து போனவன்தான். இன்று அந்த அஞ்சு நிமிஷத்தில் என்ன சொல்லியிருப்பான்? உள்ளே இன்னொரு பிழை இருந்தால்? அது அவன் பெயரில் போய் நிற்குமே. தொடாமல் விட்டால் அந்தத் தாய்க்கு என்ன பதில்? அவளுக்காவது சந்தேகம் வந்தது.

“பன்னெண்டும் வந்துடுச்சா?” என்றாள் தம்பி மனைவி, திரும்பிப் பார்க்காமல்.

“வந்துடுச்சு.”

“யாருக்கும் சொல்லாம எவ்ளோ நேரம் அண்ணி இப்படியே உக்காந்திருக்கப் போறோம்?”

“நான் தொடட்டுமாம்மா?”

தம்பி மனைவி அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

“என்கிட்ட கேக்காதீங்க. அவரோட அந்த வேலையப் பத்தி அவரு ஒரு நாளும் என்கிட்ட கேட்டதில்ல. நீங்களும் கேக்காதீங்க.”

அக்கா ரகசிய எண்ணைத் தட்டினாள். குச்சியின் தலை மினுக்மினுக்கென்று எரிந்தது. அவன் கை தம்பி மனைவியின் இரண்டு கைகளுக்குள் இருந்தது. அதைக் கேட்டு வாங்க அக்காவுக்குத் துணிவில்லை. வாங்கியும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தக் குச்சிக்கு யார் விரல் என்றெல்லாம் தெரியாது, ஏதோ ஒரு விரல் போதும். தன் ஆள்காட்டி விரலை வைத்தாள். விளக்கு அணைந்தது. திரையில் தம்பியின் முழுப்பெயர் வந்தது, பக்கத்தில் தேதி, நாலு ஐம்பத்திரண்டு.

இவ்வளவுதானா என்று இருந்தது. தன்மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சொல்ல வெட்கமாக இருந்தாலும், கழுவும்போது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

திரும்பி வந்து டாக்டருக்குப் போன் செய்தாள். மருத்துவமனையிலிருந்து கிளம்பி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார். சொந்தங்களுக்குச் சொன்னாள். ஒவ்வொருவரும் ‘எப்போ?’ என்று கேட்டார்கள். ‘இப்பத்தான்’ என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஐந்து ஐம்பதுக்குக் கொக்கிடமிருந்து செய்தி வந்தது. ‘ஏறிடுச்சுக்கா. கதவு சாத்த பத்து நிமிஷம் இருக்கும்போது. அண்ணன் எழுந்ததும் முதல்ல இதச் சொல்லுங்க.’ அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். பதில் போடவில்லை.

டாக்டர் வந்தபோது ஆறேகால். மார்பில் கருவியை வைத்துப் பார்த்தார். இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். நல்ல மனுஷன், சின்ன வயசு என்று வருத்தப்பட்டார். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார்.

“எத்தனை மணிக்கும்மா?”

“அஞ்சு அஞ்சுக்கு” என்றாள் அக்கா.

பேனா எழுதாமல் நின்றது. அவர் எழுந்து வந்து தம்பியின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். முழங்கையையும் தொட்டார்.

“ஒரு மணி நேரந்தான் ஆச்சுங்கறீங்க. கை இவ்ளோ சில்லுனு இருக்கே?”

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு தம்பி மனைவியைப் பார்த்தார்.

தம்பி மனைவி இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்தக் கையை விட்டாள். போர்வை மேல் மெதுவாக வைத்தாள். எழுந்தாள்.

“ஃபேன் காத்து நேரா அவரு மேல படுது டாக்டர்” என்றாள். “நான்தான் நிறுத்த மறந்துட்டேன்.”

சுவரோரம் போய் சுவிட்சை அணைத்தாள். மூன்று இறக்கைகளும் வேகம் குறைந்து தனித்தனியாகத் தெரிந்து, மெல்லச் சுற்றி நின்றன. டாக்டர் குனிந்து எழுதினார்.