மடங்கும் முனை, மடங்காத முனை

அம்பு முனை விஷயத்தில் வெர்லின் ஒருநாள் இறங்கி வருவார் என்று டெல்மர் கனவிலும் நினைத்ததில்லை. தங்கை நடீனை வெர்லினுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நடக்கிற வழக்கு அது. மானுக்கு வில்லெடுக்கிறவர்களில் இரண்டே கட்சிதான் உண்டு. டெல்மர் மடங்காத முனைக் கட்சி. அதில் கத்திகள் எப்போதும் வெளியே நிற்கும், ஒளிக்க ஒன்றும் கிடையாது. வெர்லின் மடங்கும் முனைக் கட்சி. அது கத்திகளை உள்ளே சுருட்டிக்கொண்டு பறந்துபோய், மானின் தோலில் பட்ட பிறகுதான் படக்கென்று விரியும். விரிந்தால் காயம் அகலமாக விழும், ரத்தத் தடம் தாராளமாகக் கிடைக்கும். விரியாவிட்டால்? அந்த இடம் வந்தால் டெல்மருக்குச் சாமி வந்துவிடும்.

"அது முனையே இல்ல மாப்ளே, மடக்குக் குடை. மழை வர்ற நேரம் பார்த்துச் சிக்கிக்கும்."

"உன்னோடது ரொம்ப ஒழுங்கோ? லேசா காத்தடிச்சா பக்கத்துப் பண்ணை மாட்டைப் போய்க் குத்தும். அதை நேரா பறக்க வைக்க, கோடை பூரா உக்காந்து வில்லைத் திருகிக்கிட்டே கிடக்கணும். எனக்கு வேற வேலை இருக்கு மச்சான்."

ஊர் கூடிச் சாப்பிடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் மேசையில், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், கல்யாணத்தில், சாவில் என்று இரண்டு பேரும் இடம் பொருள் பார்த்ததில்லை. நடீனின் மாமனார் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒருமுறை குரல் உயர்ந்து, பாதிரியார் வந்து தோளைத் தொட வேண்டியதாயிற்று. விஸ்கான்சினில் அந்த ஆற்றோர மேடுகளில் எல்லா வீட்டிலும் வில் உண்டு, எல்லார் வாயிலும் அபிப்பிராயம் உண்டு. ஆனாலும் இந்த மச்சான் மாப்பிள்ளை சண்டைக்கு ஈடாக ஊரில் வேறொன்று இருந்ததில்லை.

அப்படிப்பட்ட வெர்லின், அக்டோபர் முதல் ஞாயிறு டெல்மரின் கொட்டகைக்கு வந்து, வில்பையை மேசைமேல் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"மச்சான், உன் முனைல ஒரு மூணு குடேன்."

டெல்மர் காதை நம்பவில்லை. "என்னது? இன்னொரு தடவ சொல்லு."

"காது அவிஞ்சு போச்சா? உன் முனை. மடங்காதது. மூணு."

அட, டெல்மர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி உத்தரத்தை நோக்கி எறிந்தார். தனிக்கட்டை, வீட்டில் கேட்க ஆளில்லை. அதனால் உடனே தங்கைக்குப் போன் போட்டார். "நடீன், உன் புருஷன் ஞானஸ்நானம் வாங்கிட்டாரு! என் கொட்டகையில, என் கையால!"

மறுமுனையில் நடீன், "சரிண்ணே, சந்தோஷம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். புருஷன் தோற்றதில் இவளுக்கு வயிற்றெரிச்சல் என்று டெல்மர் நினைத்துக்கொண்டார். வெர்லின் சிரித்துக்கொண்டே நின்றார்.

"வில்லை வச்சுட்டுப் போ மாப்ளே. இந்த முனைக்கு வில் ஒழுங்கா இருக்கணும். நான் சரிபண்ணித் தர்றேன்."

வெர்லின் வில்பையின் மேல் கை வைத்தபடி சற்று நின்றார். "தெரியும் மச்சான். அதுக்குத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தீவனக் கடையில் டெல்மர் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. வெர்லின் குரல் மாதிரியே பேசிக் காட்டினார். கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கும் மறுநாள் மதியம்தான் வில்லைப் பையிலிருந்து எடுத்து, உத்தரத்தில் தொங்கும் கொக்கித் தராசில் நாணை மாட்டி, வில்லைப் பிடித்துக் கீழே இழுத்தார். வெர்லினின் வில் எழுபது பவுண்டு இழுவை, நாணை முழுக்க இழுக்க அவ்வளவு பலம் வேண்டும். ஊருக்கே தெரிந்த சங்கதி. டிராக்டர் என்ஜினைத் தனியாளாகத் தூக்கி வைக்கிற கைக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

முள் முப்பத்தெட்டில் நின்றது.

தராசு கெட்டுவிட்டது என்று டெல்மர் திட்டினார். தன்னுடைய வில்லை மாட்டிப் பார்த்தார், அது சரியாகக் காட்டியது. மறுபடி வெர்லினுடையதை மாட்டினார். முப்பத்தெட்டு. அப்புறம்தான் வில்லை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார். நடுப்பிடி பழையதுதான். ஆனால் மேலும் கீழும் வளைகிற தகடுகள் இரண்டும் புதிது. வேறு ஊர்க் கடையில் கொடுத்து, வலுக் குறைந்த தகடுகளை மாட்டி வாங்கியிருக்கிறார். உள்ளூரில் கொடுத்திருந்தால் அன்றைக்கே டெல்மருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். கோடை முழுவதும் கண்முன்னே நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் வந்தது. வெர்லின் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தது. மீன் வறுவல் மேசையில் நடீன் பேச்சுவாக்கில் அவர் தட்டை இழுத்து மீனைப் பிய்த்து வைத்தது. பொத்தான் சட்டையை விட்டுவிட்டு எப்போதும் ஜிப் வைத்த மேல்கோட்டே போட்டுக்கொண்டு வந்தது. மடங்கும் முனை விரிவதற்கே பாதி விசையைத் தின்றுவிடும். மீதி விசை மானுக்குள் போகப் போதாது. எழுபது பவுண்டு இழுக்கிறவனுக்கு அது கவலையில்லை. முப்பத்தெட்டு இழுக்கிறவனுக்கு மடங்காத முனையை விட்டால் கதியில்லை. பாவி, இதையா ஜெயித்தேன் என்று குதித்தாய்? தீவனக் கடையில் தான் பேசிக் காட்டியது நினைவுக்கு வர, அவருக்குக் காது மடல் எரிந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனார். வெர்லின் விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். கோடரி பக்கத்தில் கிடந்தது, பிளந்த விறகு ஒன்றுகூட இல்லை.

"எத்தனை நாளா மாப்ளே?"

"வசந்தத்துல ஆரம்பிச்சுது. முதல்ல கட்டைவிரல்." வெர்லின் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "பெரிய ஆஸ்பத்திரில பேரெல்லாம் வச்சுட்டாங்க. நரம்பு சொல்றத சதை கேக்காதாம். கை முடிஞ்சு கால், அப்புறம் நாக்கு, அப்புறம் மூச்சு. மருந்து கொஞ்சம் தள்ளிப் போடும், அவ்வளவுதான்."

டெல்மருக்கு வந்தது கோபம்தான். "எங்கிட்ட ஏன்டா சொல்லல? நான் யாரோவா? ஊரு பூரா உன்னைக் கேலி பண்ணிட்டு வந்து நிக்கிறேன்டா!"

"அதுக்குத்தான் சொல்லல. தெரிஞ்சா நீ சண்டை போடுவியா? மூடி போட்ட பாத்திரத்துல சாப்பாடு கொண்டாந்து வச்சுட்டு, உச்சுக்கொட்டிட்டுப் போவே. வாயைத் திறந்து சொல்லவும் வரல மச்சான். தராசு சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

டெல்மர் மேட்டுக்காட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். சோளம் பாதி அறுப்பாகியிருந்தது.

"விசை வில் இருக்கே. விசையைத் தட்டினா போதும், கையால இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லையே."

"அது தோள்ல வச்சுச் சுடுற துப்பாக்கி. எனக்கு வேணாம். ஒரே ஒரு மான், என் கையால இழுத்து. அவ்வளவுதான் ஆசை." வெர்லின் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அடிபட்டு, சாகாம, புதருக்குள்ள கிடந்து துடிக்கிற மானை என் கணக்குல வச்சுக்கிட்டு நான் போக முடியாது. நீ சொல்லு. முப்பத்தெட்டு போதுமா?"

டெல்மர் யோசித்துத்தான் சொன்னார். "கத்தி சவரம் பண்ற மாதிரி கூரா இருக்கணும். மான் பக்கவாட்டுல, கிட்டக்க நிக்கணும். அப்ப போதும்."

"சட்டம் முப்பதுங்குது."

"ஆமா, முப்பதுக்குக் கீழே வில்லே எடுக்கக் கூடாது."

"கை போகப் போக வில்லைத் தளர்த்திக்கிட்டே வரணும். சனிக்கிழமை தோறும் கொண்டாறேன், நீ நிறுத்துச் சொல்லு. நடீன் பாசத்துல பொய் சொல்லுவா. நீ எனக்கு அந்தத் தயவு பண்ணதே இல்ல. முப்பதுக்குக் கீழே போச்சுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. சத்தியம் பண்ணு."

டெல்மர் கை நீட்டினார். வெர்லினின் பிடி தளர்ந்து கிடந்தது. அதைக் கவனிக்காத மாதிரி அழுத்திக் குலுக்கினார்.

டெல்மர் மூன்று முனைகளையும் தானே கல்லில் தீட்டினார். முன்கையில் வைத்து இழுத்தால் ரோமம் உதிர்கிற வரை விடவில்லை. மேட்டுச் சரிவில் தாழ்வாக ஒரு பரண் கட்டினார். மாலைகளில் வெர்லின் அதில் உட்கார, டெல்மர் கீழே தள்ளி வண்டியில் காத்திருந்தார். ஒரு மாலை வெர்லின் இறங்கி வந்து, ஒரு பெட்டை மான் நல்ல வாகாக நின்றதாகவும், நாணை முழுக்க இழுத்தும் கை நடுங்கியதால் அம்பை விடாமல் இறக்கிவிட்டதாகவும் சொன்னார். "நடுங்குற கையோட அம்பு விடலாமா, சொல்லு?" என்று கேட்டார். கூடாது என்றார் டெல்மர். அது உண்மை, அதனால் சொல்வது சுலபமாக இருந்தது.

சனிக்கிழமை தோறும் தராசு இறங்கியது. முப்பத்தாறு. பிறகு முப்பத்து மூன்று. நிறுக்கும்போது முள் டெல்மரின் பக்கம் பார்த்திருக்கும். வெர்லின் எதிரே வாளிமேல் உட்கார்ந்து, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் பனி விழுந்த சனிக்கிழமை வெர்லின் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். டெல்மர் வில்லின் இழுவையைக் குறைக்கிற திருகாணியைத் தளர்த்தினார், வெர்லின் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் தளர்த்தினார், வரவில்லை. கடைசியாக ஒரு சுற்று தளர்த்தியதும், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவிட்டார். முகம் குழந்தை முகம் மாதிரி மலர்ந்தது. "பார்த்தியா! வந்துடுச்சு! நிறுத்துச் சொல்லு மச்சான், இன்னிக்கு சாயங்காலம் காத்து நமக்குச் சாதகம்."

டெல்மர் வில்லைத் தராசில் மாட்டி இழுத்தார். முள் இருபத்தெட்டில் நின்றது.

அவர் மறுபடி மெதுவாக இழுத்தார். இருபத்தெட்டு. இரண்டு பவுண்டுதானே, ஆண்டவரே. யாருக்குத் தெரியப் போகிறது? பரணில் போய் உட்காரட்டுமே, ஒரு மாலை, இரண்டு மாலை. மான் வராமலே போகலாம். அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தப் பாவி சொல்வான்?

"எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு" என்றார் டெல்மர்.

வெர்லின் தலையாட்டினார். பனி தகரக் கூரையில் சரசரத்தது. அவர் தன் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "யோசிச்சேன் மச்சான். இன்னிக்கு என் பழைய முனையே மாட்டிக்கட்டுமா? மடங்குறது. பனில ரத்தத் தடம் நல்லா தெரியும்."

"சரி மாப்ளே" என்றார் டெல்மர்.

சொன்ன பிறகும் அவருக்கு உறைக்கவில்லை. வில்லைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். வாளியின் பக்கமிருந்து சத்தமே இல்லாததால் திரும்பிப் பார்த்தார். வெர்லினின் கண்கள் நிறைந்திருந்தன.

"சரின்னுட்டியே மச்சான்."

"என்ன?"

"இந்தச் சோனி வில்லுல நான் மடங்குற முனைய மாட்டுறேங்கறேன். விரியவே விரியாது, மான் தோலைக் கூடத் தாண்டாது. நீ என்னை வெட்டிப் போட்டிருக்கணும். சரிங்கறே." அவர் மூக்கை உறிஞ்சினார். "இத்தனை வருஷத்துல நீ எனக்குச் சரின்னு சொன்னதே கிடையாது. எவ்வளவுடா நிஜமா?"

டெல்மர் வில்லை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "இருபத்தெட்டு."

வெர்லின் நீளமாக மூச்சு விட்டார். "சத்தியம் பண்ணியேடா."

"பண்ணேன். முடியல மாப்ளே. மன்னிச்சுக்கோ. முடியலடா."

வெர்லின் எழுந்து மேசைக்குப் போனார். அம்புகளை எடுத்து, முனைகளைத் திருகிக் கழற்றத் தொடங்கினார். விரல் வழுக்கியது. டெல்மரின் கை தன்னையறியாமல் நீண்டது, அவர் அதை இழுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். முதல் முனை கழன்றுவர வெகுநேரம் ஆயிற்று. இரண்டாவதற்கு வெர்லின் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதற்கு உள்ளங்கைகள் இரண்டையும் வைத்து உருட்டினார். அது கழன்று மேசைமேல் விழுந்தபோது இரண்டு பேருக்குமே வியர்த்திருந்தது.

வெர்லின் மூன்றையும் டெல்மரின் பக்கம் தள்ளினார்.

"உன் சொத்து, எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நீ ஜெயிக்கல. எனக்குக் கை போச்சு, அவ்வளவுதான். அதை வச்சுக்கிட்டு, வெர்லினே எங்கட்சிக்கு வந்துட்டான்னு நாளைக்கு ஊர்ல பீத்திக்கிட்டுத் திரியாத."

டெல்மரின் கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"திரிவேன்டா" என்றார். "எவன் கேக்கறது? தெருத் தெருவா சொல்லுவேன். நல்ல கை இருந்தப்பவும் உனக்கு முனை தேர்ந்தெடுக்கத் தெரியாது. பத்துப் பேரைக் கூப்பிட்டு வச்சுச் சொல்லுவேன். கை இருந்தாலும் போனாலும் நீ மாட்டினது தப்பு முனைதான்!"

"எதுடா தப்பு?" என்று வெர்லின் மேசையைத் தட்டினார். சத்தம் வரவில்லை, ஆனால் தட்டினார். "நான் அடிச்ச மான்ல ஒண்ணு தப்பிச்சுப் போயிருக்கா? ஒண்ணு சொல்லு பார்ப்போம்!"

"சொல்லத்தான் போறேன், உக்காரு!"

வெர்லின் உட்கார்ந்தார்.