பச்சைப் புள்ளி வைத்த டாங்கிள்

பொம்மிடி அச்சகத்தில் எல்லோர் முன்னிலையிலும் சோபனாவின் பையைக் கவிழ்த்துக் கொட்டி எட்டு மாதம் ஆகிறது. கொட்டியது உடன் வேலை செய்த ஜாஸ்மின். கொட்டச் சொன்னவர் முதலாளி பிரபாகர். சாப்பாட்டு டப்பா, சீப்பு, பஸ் டிக்கெட்டுகள் விழுந்தன. தேடிய டாங்கிள் விழவில்லை. பென்டிரைவ் போன்ற அதைச் செருகினால்தான் அவருடைய விலையுயர்ந்த மென்பொருள் திறக்கும். "எங்க வித்தே?" என்று கேட்டு அன்றே வெளியே அனுப்பினார். ஊரில் அவளுக்குத் திருடி என்று பெயர்.

அரூரில் ஒரு விதை நிறுவனம் ஒப்பந்த வேலைக்கு ஆள் தேடியது. விதைச் சோதனை விவரங்கள், அப்படியே படிக்க முடியாத எக்ஸ்எம்எல் தரவுக் கோப்புகளாக வரும். அவற்றைப் பிடிஎஃப் ஆக்கித் தர வேண்டும். பிரபாகரும் விண்ணப்பித்திருக்கிறார் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மலிவான மென்பொருள் ஒன்று தமிழ் எழுத்துகளைச் சிதைத்தது. இன்னொன்று பக்கத்துக்குப் பக்கம் தன் விளம்பரத்தைப் பதித்தது. மூன்றாவது இலவசம்; ஆனால் பொத்தான்களே கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். பழைய லேப்டாப்பில் மூன்று முறை நிறுவினாள். அட்டவணை தாளுக்கு வெளியே வழிந்தது. பிரபாகரின் முகத்தை நினைத்துக்கொண்டே நான்காம் நாள் அதை உள்ளே அடக்கினாள்.

தேர்வன்று மேலாளர் பானுமதி இருவருக்கும் ஒரே நாற்பது கோப்புகளைக் கொடுத்தார்.

"சும்மா கெடைக்கறத எறக்கிட்டு வந்திருக்குது பாருங்க," என்று பிரபாகர் சிரித்தார். "நம்மளது ஒரிஜினலுங்க மேடம்." பையிலிருந்து டாங்கிளை எடுத்துச் செருகினார்.

அதன் முனையில் பச்சை நகப்பூச்சுப் புள்ளி. மற்றவற்றோடு கலந்துவிடாமலிருக்க அவள்தான் வைத்திருந்தாள்.

அவளுடைய நாற்பதும் முடிந்தன. அவருடையவையும் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"சார், இது எங்க கெடைச்சுதுங்க?"

பிரபாகரின் கை டாங்கிளை மறைக்கப் போய் நின்றது. "கார்ல கெடந்துச்சும்மா. அப்பவே கெடைச்சிருச்சு."

"அப்பவேன்னா?"

 சோபனா பானுமதியிடம் பை கவிழ்ந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். பிறகு அச்சகத்தில் இருந்த ஜாஸ்மினைப் போனில் அழைத்தாள்.

"ஸ்பீக்கர்ல போடு ஜாஸ்மின். எல்லாரையும் கூப்பிடு. சார் ஒண்ணு சொல்லணுங்கறாரு."

பானுமதி பேனாவை மூடி வைத்துவிட்டுப் பிரபாகரையே பார்த்தார். வேலை யாருக்கு என்று இன்னும் அறிவிக்கவில்லை. பிரபாகர் தொண்டையைச் செருமி, டாங்கிள் தன் காரிலேயே இருந்ததென்றும் சோபனா எடுக்கவில்லையென்றும் முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க சார்," என்றாள் சோபனா. "அங்க மெஷின் ஓடுது."

சத்தமாகச் சொன்னார்.

"மெஷின நிறுத்தியாச்சுங்க சார்," என்றது ஜாஸ்மினின் குரல். "இன்னொருக்கா சொல்லுங்க."