பிலோமியின் கைப்பிடி

கிரகரிக்குக் கை பெரிது. மலேசியாவில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுகிறவர் கை வேறு எப்படி இருக்கும்? முறம் மாதிரி அகன்ற கை. அந்தக் கைதான் அவரை மாட்டிவிட்டது.

அவர் நெஞ்சுக்குள் உலோக வால்வு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, கீரையில் இருக்கிற வைட்டமின் கே மறுபக்கம் இழுக்கும். கீரை குறைந்தால் ரத்தம் உறையாமல் எங்கே கசியுமோ என்று பயம். கூடினால் வால்வில் கட்டிக்கொள்ளுமோ என்று பயம். அதற்காகக் கீரையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்பதுதான் கிளினிக்கில் சொன்னது.

அந்த அளவு அவர் மனைவி பிலோமியின் கையில் இருந்தது. சாயங்காலம் ஒரு கைப்பிடி கீரை அள்ளிச் சட்டியில் போடுவாள், அவ்வளவுதான். தராசு கிடையாது, கப்பு கிடையாது. வருஷக்கணக்கில் ரத்தப் பரிசோதனை பிசகாமல் வந்தது. இவரோ தன் உடம்பு இரும்பு உடம்பு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார். ஆம்பிளை புத்தி, வேறென்ன சொல்ல!

ஜொகூரில் மகள் செரீனாவுக்குப் பிள்ளை பிறந்தது. பத்தியம் பார்க்கப் பிலோமி கிளம்பினாள். பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "வரட்டுமா?" என்று திரும்பிப் பார்த்தாள். விடைபெறும்போது எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவள் கொஞ்சம் நின்று கேட்டாள்.

"போ லா. நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார் கிரகரி.

பத்தியம் முடிந்தது. செரீனா வேலைக்குத் திரும்பினாள். பிலோமி மட்டும் திரும்பவில்லை. எப்போது வருகிறாய் என்று இவரும் கேட்கவில்லை. கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

ஆனால் ஏங்கினார். மூடி மறைப்பானேன், ஏங்கித்தான் போனார். வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால் மலைக் குளிர் முழுவதும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். கதவுக்குப் பின்னால் அவளுடைய பழைய ஸ்வெட்டர் தொங்கும். அதில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பூண்டு வாசமும் அவள் தலை எண்ணெய் வாசமும் இன்னும் மிச்சம் இருந்தன. பிறகு அடுப்பைப் பற்றவைத்து, அவள் செய்தபடியே ஒரு கைப்பிடி கீரை அள்ளிச் சட்டியில் போடுவார். ருசி வராது. இருந்தாலும் சாப்பிடும்போது அவள் அடுப்படியில்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது, மருந்து கொடுக்கும் ப்ரியா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

"அங்கிள், மாத்திரைய விட்டுட்டீங்களா? ரத்தம் சீக்கிரமா உறையுது."

"ஒரு வேள கூட விடலம்மா."

"கீரை?"

"எப்பவும் போலத்தான். ஒரு கைப்பிடி."

"ஆன்ட்டி ஊருல இல்லன்னீங்களே. யாரு கைப்பிடி?"

கிரகரி பெருமையாகக் கையை விரித்துக் காட்டினார். ப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள்.

"இது கைப்பிடி இல்ல அங்கிள், அரைக் கட்டு. விளையாட்டு இல்ல. இப்படியே போனா வால்வு அடைச்சுக்கும், ஸ்ட்ரோக் வரும். டாக்டர் மாத்திரைய மாத்தித் தருவாரு. நீங்க இன்னிக்கே ஆன்ட்டிகிட்ட அளவு கேளுங்க. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் பாக்கணும்."

தேயிலைச் சரிவோரம் லோரியை நிறுத்திவிட்டு வீடியோவில் கூப்பிட்டார். பிலோமியின் தோளில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஏங்க, நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. பேரனுக்குப் பொறந்தன்னிக்கு ரத்தம் கசியக் கூடாதுன்னு தொடையில ஊசி போட்டாங்கல்ல? அதே சத்துதான். எனக்கு அளந்து குடுக்கணுமாம். உன் கையக் காட்டு."

அவள் கையை விரித்தாள். கிரகரி தன் உள்ளங்கையைப் போன் மேல் வைத்துப் பார்த்தார். அவர் கட்டைவிரலுக்குள் அவள் கை அடங்கிப்போனது. கிட்டக் கொண்டுவரச் சொன்னார். இப்போது அவள் கை திரையை அடைத்துக்கொண்டு நின்றது, ரேகை ரேகையாக. எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக் கறை பிடித்திருந்த விரல் நுனிகள் இத்தனை நாளில் வெளுத்துப்போயிருந்தன.

"எது உன் அளவுன்னு தெரியலையே," என்றார்.

"அதுக்கென்ன, இருங்க." பிலோமி அடுப்படிக்குப் போய்ப் போனைச் சாத்தி வைத்து, ஒரு பிடி கீரையை நறுக்கி, கப்பில் போட்டுக் காட்டினாள். "இந்த மாதிரி நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. நறுக்கி முக்கால் கப். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். பிரச்சினை தீர்ந்தது. இனி கூப்பிட ஒரு சாக்குக்கூட இல்லை. கிரகரி அந்தக் கப்பைப் பார்த்தார், தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கப்பு வேணாம் பிலோமி. நீ இல்லாம வீடு நல்லா இல்ல."

அவள் கப்பைக் கீழே வைத்தாள்.

"புள்ளையப் பாத்துக்க நர்சரி ஏற்பாடு பண்ணி ரொம்ப நாளாச்சு. ஒரு வார்த்த கேப்பீங்கன்னுதான் உக்காந்திருந்தேன்," என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் வர்ற வரைக்கும் கப்புலயே அளந்து போடுங்க. கைய வைக்காதீங்க."

"சரி."

போனை வைக்கப் போனவள், பஸ் படியில் நின்றதுபோலவே ஒரு கணம் நின்றாள்.

"வரட்டுமா?"

இந்த முறை கிரகரிக்கு அது கேள்வி என்று விளங்கியது.

"வா," என்றார்.