ஆல்டனுக்குப் போட்ட பந்தல்

திங்கட்கிழமை மத்தியானமே ஹையசிந்த் வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. அவள் தம்பி ஆல்டன் இன்னும் சாகவில்லை. செவ்வாய் விடிந்தால்தான் தூக்கு.

தூக்கில் போட்டவனின் உடலைச் சிறைக்காரர்கள் வீட்டுக்குத் தருவதில்லை, மதிலுக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். லாவென்டில் மேட்டு ஜனங்களுக்கோ ஒரு சாவு என்றால் காப்பி, ரம், பாட்டு, சீட்டு எல்லாம் வேண்டும். "பொணந்தான் கெடைக்காது, உசுரு இருக்கும்போதே பாடி அனுப்பி வைப்போம்" என்று எதிர்வீட்டு ஐவி அத்தை முடிவு கட்டிவிட்டாள். அத்தை முடிவு கட்டியதை அவிழ்க்க அந்த மேட்டில் ஆளில்லை.

ஹையசிந்த் எனாமல் கூஜாவில் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள். புதுக் கறுப்பு உடை கழுத்தில் உறுத்தியது. பந்தலுக்கடியில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவன், "ஆல்டன் இருந்திருந்தா இந்த ஆட்டத்தை இப்படிக் கோட்டை விட்டிருக்க மாட்டான்" என்று பெருமூச்சு விட்டான்.

"இருக்கான்டா மடையா! நாளைக்குத்தான்!" என்று ஐவி அத்தை அதட்டினாள்.

சிரிப்பு வந்தது. ஹையசிந்துக்கும் வந்தது. அதுதான் கொடுமை.

ஆல்டன் கடையொன்றைக் கொள்ளையடிக்கப் போய்க் கடைக்காரரைச் சுட்டவன். செய்யவில்லை என்று அவள் ஒருநாளும் வாதாடியதில்லை. வருஷக்கணக்காகச் சனிக்கிழமைதோறும் சோப்பும் துவைத்த பனியனும் எடுத்துக்கொண்டு சிறைக்குப் போய் வந்தாள், அவ்வளவுதான். கொலை என்றாலே காரணம் கேட்காமல் தூக்கு என்பது அநியாயம் என்று வக்கீலம்மா ராம்லோகன் வெளிநாட்டு மனித உரிமைக் கோர்ட்டுக்கு மனுப் போட்டிருந்தாள். போன சனிக்கிழமை கடைசிச் சந்திப்பில், "நிறுத்துவாங்களாக்கா?" என்று ஆல்டன் கேட்டான். "அதை நம்பாதேடா. மனசைத் தயார் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாள். தன் மனதையும் அப்படியே தயார் பண்ணிக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரம். வக்கீலம்மா ராம்லோகன் செருப்பைக் கையில் பிடித்தபடி படியேறி ஓடி வந்தாள். மூச்சு இரைத்தது.

"நிறுத்தியாச்சு! சான் ஹோசே மனித உரிமைக் கோர்ட் உத்தரவு போட்டுடுச்சு. அங்க மனு முடியுற வரைக்கும் தூக்குல போடக் கூடாதாம். நம்ம சர்க்காரும் ஒத்துக்கிட்டாங்க!"

சீட்டுகள் பறந்தன. ஒப்பாரிக்கு வைத்திருந்த பாட்டையே ஐவி அத்தை கைதட்டிப் பாட ஆரம்பித்தாள். வாசலே அமர்க்களப்பட்டது.

ஹையசிந்த் கூஜாவைக் கீழே வைக்கவில்லை. "அப்போ மறுபடியும் எப்ப?" என்றாள்.

"பயப்படாதீங்கம்மா, இப்போதைக்குக் கிடையாது" என்று வக்கீல் அவளைக் கட்டிக்கொண்டாள். பயம் என்று நினைத்துக்கொண்டாள் பாவம். ஹையசிந்துக்கு அல்லவா தெரியும்! தம்பி பிழைத்தான் என்று நெஞ்சு குளிர்வதற்கு முன்னால், இன்னும் எத்தனை சனிக்கிழமை, இன்னொரு தடவை இந்தச் சாவு என்ற அலுப்பு அவளுக்குள் முந்திக்கொண்டது. சீ, நானும் ஒரு அக்காவா என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது.

புதன்கிழமை சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஆல்டன் கன்னம் ஒட்டிப்போய், ஆனால் கண்ணெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தான். மேட்டுக்காரனான காவலன் ஒருவன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"பந்தலெல்லாம் போட்டியாமே! ஐவி அத்தை பாடினாளா?"

"பாடினா."

"சுதி சேர்ந்துதா?"

"அவளுக்கு என்னிக்குச் சேர்ந்துது?"

"கூட்டம்?"

"தெரு முழுக்க."

"அடேங்கப்பா! சொந்தச் சாவுக்குப் போக முடியாமப் போச்சே" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். அப்புறம் வலையருகே முகத்தைக் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நீ ரொம்பக் களைச்சிட்டே. சனிக்கிழமை உன் மூஞ்சியப் பார்த்தேன். மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்னு வக்கீலம்மாகிட்ட சொல்லிடட்டுமா? நீ சொன்னா சரி. நிஜமாத்தான் கேக்குறேன்."

"வாயை மூடுடா கழுதை! எவன் கேட்டான் உன்கிட்ட? சனிக்கிழமை வருவேன். அதுக்கப்புறமும் வருவேன்" என்றாள் ஹையசிந்த்.

ஆனால் அதைச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு மூச்சு நேரம் ஆகிவிட்டது. அந்த ஒரு மூச்சை ஆல்டனும் பார்த்துவிட்டான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"சரிக்கா, அழாதே" என்றான் அவன். "பரவால்லக்கா."