நிரப்பாத புட்டி

லாம்மர்ட் ஒயின் ஆலையில் கார்க் மாற்றும் நாள் வந்தால், பள்ளத்தாக்கில் இருக்கிற கிழட்டுப் புட்டியெல்லாம் வெளியே வந்துவிடும். குழந்தையை டாக்டரிடம் தூக்கிப்போகிற மாதிரி துண்டில் சுற்றி எடுத்து வருவார்கள். ஆலைக்காரர்கள் திறந்து, ஒரு சொட்டு ருசி பார்த்து, தேறும் என்றால் புதுக் கார்க் போட்டு, முத்திரை ஒட்டித் தருவார்கள். தேறாது என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

டல்சி லாம்மர்ட்டும் போய் வரிசையில் நின்றாள். அவளுக்குக் கார் வேண்டாம், ஆலைக்கு எதிர்வீடு. வாசல் பலகையில் இருப்பது அவள் புருஷன் வீட்டுப் பெயர்தான். ஆலையோடு அதையும் சேர்த்துத்தான் சிட்னிக் கம்பெனிக்கு விற்றாயிற்று. எண்பத்திரண்டு வயசில், சொந்தப் பெயர் போட்ட பலகைக்குக் கீழே, யாரோ மாதிரி நின்றாள்.

கையில் இருந்தது எழுபத்தாறாம் வருஷத்து ஷிராஸ் ஒயின், புருஷன் ஆர்னோ செய்ததில் கடைசிப் புட்டி. நல்ல புட்டியைத் தனியாளாகத் திறக்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. ஆர்னோ போய்விட்டான். பிள்ளைகுட்டி இல்லை. கூட உட்கார்ந்து குடிக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராகத் தேவாலயத்துக்குப் பின்னால் கல்லறையில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஆனாலும் இந்த ஒன்றை யாரோடாவது குடித்துவிட்டுத்தான் சாவது என்று டல்சிக்குப் பிடிவாதம். போன வாரம் கார்க் கசிந்ததைப் பார்த்ததும் அதைத் துண்டில் சுற்றி வைத்து இந்த நாளுக்குக் காத்திருந்தாள்.

மேஜைக்குப் பின்னால் நின்ற டெகன் சின்னப் பெண், ஆனால் வேலை தெரிந்தவள். கார்க்கை நோகாமல் உருவினாள். ஒரு சொட்டு வாயில் விட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அடேயப்பா! மிஸஸ் லாம்மர்ட், இது இன்னும் இருபது வருஷம் தாங்கும்.”

“அது தாங்கும்டி. நான் தாங்கணுமே!”

வரிசையே சிரித்தது. டெகனும் சிரித்துக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்து வேறொரு புட்டியை எடுத்தாள்.

“அது எதுக்கு?”

“போன வருஷத்து ஷிராஸுங்க. குறைஞ்ச அளவுக்கு இதை ஊத்தி நிரப்பிட்டு மூடுவோம். எல்லாப் புட்டிக்கும் அப்படித்தான். உள்ள காத்து நின்னா கெட்டுப்போயிடும்.”

“எந்தத் தோட்டத்துப் பழம்?”

“நாலஞ்சு இடத்துலேர்ந்து வாங்கறோம்.”

“எங்க மேல் தோட்டத்துது இல்லையே? இந்தப் புட்டி அந்தப் பழம்.”

டெகன் விழித்தாள். “மேலயா? அங்க கார் நிறுத்தற இடம்தானே இருக்கு?”

டல்சி உள்ளங்கையால் புட்டியின் வாயைப் பொத்தினாள். “ஊத்தாதே.”

“ஊத்தாம மூடினா வீணாப் போயிடுங்க.”

“அப்ப மூடவே மூடாதே.”

“திறந்த ஒயினுங்க. இத்தனை வயசானது ரொம்ப நேரம் நிக்காது, ஒரு மணி நேரம் தாண்டினாலே பெரிசு.”

“எனக்கே பாடம் எடுக்கறியா? இந்தக் கொட்டாய்ல குப்பை கொட்டினவ நான்.”

வீராப்பாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், யாரோடு குடிப்பது என்ற கேள்வி எதிரே வந்து நின்றது. பக்கத்தில் லைல் நின்றிருந்தான். தேவாலயப் பாட்டுக் குழுவில் முப்பது வருஷமாக அவளுக்குப் பின்வரிசையில் நின்று கட்டைக் குரலில் பாடுகிறவன்.

“லைல், வாயேன், ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிப்போம்.”

“ஐயோ டல்ஸ், நான் வண்டி ஓட்டணும். பாலத்துகிட்ட போலீஸ்காரன் ஊதச் சொல்லிக் குழாயை நீட்டிக்கிட்டு நிக்கறான்.”

எல்லாருக்கும் வண்டி இருந்தது. எல்லாருக்கும் போக ஒரு வீடும், வீட்டில் காத்திருக்க ஒரு ஆளும் உண்டு. அடிலெய்டிலிருந்து வந்த ஒருவன் மட்டும் ஆசையாக ஓடி வந்து, “ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?” என்றான். டல்சி தலைமயிரைச் சரிசெய்துகொண்டாள். அவன் லேபிளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

புட்டியின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு வீட்டு கேட் வரை வந்தாள். உள்ளே போனால் சமையலறை, ஒற்றை நாற்காலி, ஒற்றைக் கிளாஸ். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கேட்டைத் திறக்கக் கை வரவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஹூபர்ட் இருந்தான், ஆர்னோவின் தம்பி. அந்த நாளில், திராட்சைக் கொடியைப் பிடுங்கினால் காசு தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, மேல் தோட்டத்தின் நூறு வருஷத்துக் கொடிகளை ஆர்னோ பிடுங்கக் கொடுத்தான். ஹூபர்ட் டிராக்டருக்கு முன்னால் போய்ப் படுத்தே பார்த்தான். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அண்ணன் சாவுக்குக்கூட அவன் வரவில்லை. அதை மட்டும் டல்சி மன்னிக்கவே இல்லை. தேவாலயத்தில் அவன் இடப்பக்கம் உட்கார்ந்தால் இவள் வலப்பக்கம்.

ஆனால் அந்தத் தோட்டத்தில் கொடி வெட்டக் கத்தரி பிடித்தவர்களில் உயிரோடு இருப்பது அவன் ஒருத்தன்தான். மானத்தைப் பார்த்தால் ஒயின் போய்விடும். ஓடைப் பலகை மேல் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள்.

கதவைத் திறந்தவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“என்ன, வழி தப்பி வந்துட்டியா?”

“வாயை மூடிக்கிட்டு ரெண்டு கிளாஸ் எடு. எழுபத்தாறு. மேல் தோட்டம்.”

ஹூபர்ட் உள்ளே போனான். வரும்போது ஒரே ஒரு கிளாஸ் இருந்தது.

“இன்னொண்ணு எங்க?”

“நான் குடிக்கறதில்லை டல்ஸ்.”

“லாம்மர்ட் வீட்டு ஆம்பளை குடிக்கறதில்லையா? யார்கிட்ட விடறே கதை?”

“ஆர்னோ செத்த சேதி வந்ததும் குடிக்க உக்காந்தேன். மூணு நாள் எழுந்திருக்கல. அடக்கத்தன்னிக்குச் சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன், இந்த நடையிலேயே விழுந்துட்டேன். கோவில் மணி அடிச்சது கேட்டுச்சு, எழுந்திருக்க முடியல. அதோட விட்டதுதான்.”

டல்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நீ வீம்புக்குத்தான் வரலைன்னு நெனச்சேன்டா.”

“வீம்புன்னு நெனச்சா நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். குடிச்சுட்டுக் கிடந்தேன்னு சொல்றதுக்கு அது தேவலையா இருந்துச்சு.”

அவனே ஊற்றினான். கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பிடித்திருந்தான். “பாறையோரத்து வரிசை. படுபாவி ஆர்னோ, இதையா பிடுங்கினே” என்று சொல்லிவிட்டு அவளிடம் நீட்டினான். அவள் ஒரு வாய் குடிப்பாள், அவன் வாங்கி மோந்து பார்ப்பான், திருப்பித் தருவான். பழைய கணக்கையெல்லாம் கிளறி இருவரும் ஆர்னோவைத் திட்டித் தீர்த்தார்கள். இத்தனை வருஷத்தில் டல்சி இவ்வளவு பேசியதில்லை.

கடைசியில் ஒயின் செத்துப்போனது. டல்சியின் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. பழ வாசனை போய் வெறும் புளிப்பு நின்றது. இனி இங்கே உட்கார்ந்திருக்க ஒரு சாக்கும் இல்லை. எழுந்து, ஓடையைத் தாண்டி, அந்தக் கேட்டைத் திறக்க வேண்டியதுதான். கிளாஸைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

ஹூபர்ட் அதை வாங்கி மோந்தான். அவன் மூக்குக்குத் தெரியாமல் போகுமா? பிறகு புட்டியைச் சாய்த்து விளிம்பு வரை ஊற்றினான்.

“இன்னும் நல்லாத்தான் இருக்கு,” என்றான். “மெதுவாக் குடி.”