சப்பாத்து வேணுமா, புதுக் கம்பு வேணுமா

கேள்வி கேட்கிற வியாதி பிரேமலதாவைச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. இறப்பர் மலையில் பால் வெட்டப் போகிற இடத்திலும் அவள் வாய் சும்மா இருக்காது. பக்கத்துப் பக்கத்து மரம் இரண்டு, வயதும் ஒன்றுதான், அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் சிரட்டை நிறையப் பால் விடுகிறது என்று கணக்கப்பிள்ளையைப் பிடித்துக்கொள்வாள். அவருக்கும் தெரியாது. "நீ ஒன் வரிசையப் பாரும்மா" என்று நழுவிவிடுவார். அவள் வரிசையையும் பார்ப்பாள், கேள்வியையும் விடமாட்டாள். முப்பது வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை. அப்படிப்பட்டவள் கையில் ஒரு கோல்ஃப் கம்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா?

கல்லுமலைத் தோட்டம் புளத்கொகுபிட்டியவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வெள்ளைக்காரத் துரைமார் விளையாடிய கோல்ஃப் மைதானம் ஒன்று அங்கே கிடந்தது. மைதானம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், சரிவில் ஆறு குழி, அவ்வளவுதான். துரைமார் போன பிறகு அது ஆடு மேய்கிற இடமாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொழும்புக் கம்பனி ஒன்று துரை பங்களாவை ஹோட்டலாக்கி, புல்லை வெட்டி, குழிகளைத் தோண்டிக் கொடி நட்டது. ஹோட்டலுக்கு வருகிற விருந்தாளிகளில் முக்கால்வாசிப் பேருக்குக் கம்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும், மூன்று மாதம் இலவசமாகப் பழக்குவோம், கடைசியில் ஒருத்தியை மட்டும் மாதச் சம்பளத்துக்கு எடுப்போம் என்று அறிவித்தார்கள்.

பிரேமலதாவுக்கு அந்த வேலை வேண்டும். இறப்பர்க்காரிக்கு மழைதான் எதிரி. காலையில் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. அந்த வருஷம் வானம் மூடினால் திறக்கவேயில்லை. புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவான். மழையோ வெயிலோ கைக்குச் சம்பளம் வருமென்றால் அவனையும் ஊரோடு கூப்பிட்டுக்கொள்ளலாம். இந்த நினைப்பு அவளை ராத்திரி பகலாக அரித்தது.

பழக்க வந்தவர் சந்திரசிறி சேர். கொழும்புக்காரர், சிங்களமும் அரைகுறைத் தமிழும் கலந்து பேசுவார். முதல் நாள் அவர், நீங்கள் நன்றாகப் பழகினால் பிறகு புது கிளப் வாங்கவேண்டி வரும் என்றார். தோட்டத்தில் கிளப் என்றால் துரைமார் குடித்து விளையாடிய அந்தக் கட்டிடம்தானே! பிரேமலதா நிமிர்ந்து பார்த்தாள். கூரை மட்டும்தான் ஒழுகுது, அதை மாற்றினால் போதாதா, எதற்குப் புதுசு என்று கேட்டுவிட்டாள். சேருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தார். அவர் சொன்ன கிளப் பந்தடிக்கிற கம்பு. அன்றிலிருந்து மைதானத்தில் எல்லாரும் கம்பு என்றே சொன்னார்கள், சேர் உட்பட.

ஏழு பேர் தொடங்கினார்கள். அட்டைக்கடிக்குப் பயந்து ஒருத்தி, லயத்து வீட்டுச் சனங்களின் கேலிக்குப் பயந்து ஒருத்தி, இப்படிக் கழன்று நாலு பேர் மிஞ்சினார்கள். அந்த நாலில் இரண்டு பேர்தான் விடாப்பிடி. ஒருத்தி பிரேமலதா, மற்றவள் றிப்னா.

றிப்னா டவுனில் ஹார்ட்வெயர் கடை வைத்திருக்கும் முக்தாரின் மகள். இருபத்திரண்டு வயது. வாப்பாவின் கடையில் ஆணி நிறுத்து அலுத்துப்போய், தனக்கென்று ஒரு வேலை இருக்கவேண்டும் என்று அடம்பிடித்து வந்தவள். கத்தாரில் இருக்கும் அண்ணன், அவளுடைய நானா, அவளுக்குப் பை நிறையப் புதுக் கம்பும், வெள்ளை வெளேரென்று கோல்ஃப் சப்பாத்தும் அனுப்பியிருந்தான். சப்பாத்தின் அடியில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பற்கள் இருந்தன. மற்றவர்களுக்குக் கிளப் ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்த துரைமார் காலத்து இரும்புக் கம்புகள்தான். பிரேமலதா வெறுங்காலில் நின்று, அதில் ஒன்றை வைத்து அடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, றிப்னா பகட்டுக்காரி இல்லை. தண்ணீர்ப் போத்தல் முதல் குடை வரைக்கும் பங்கு போட்டுக்கொள்வாள். பதினைந்து நாளில் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

சங்கடம் என்னவென்றால், றிப்னாவின் பந்து அநேகமாக நேரே போகும். பிரேமலதாவின் பந்து வலப்பக்கம் வளைந்து இறப்பர் மரங்களுக்குள் போய் விழும். அடிக்கிற அடியில் குறையில்லை, தோள் பலமெல்லாம் நிறைய இருந்தது. இருந்தும் பந்து மரத்துக்குள்தான் போனது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வெறுங்கால் வழுக்குது, சப்பாத்து இல்லாமல் இந்த விளையாட்டு விளையாட முடியாது என்றார் ஹோட்டல் காவல்காரர். கம்பு பழசு, அதுதான் காரணம் என்றாள் கூடப் பழகிய நுஸ்ஹா. சந்திரசிறி சேரிடம் கேட்டால், "நீயே பாத்து சொல்லு" என்று ஒரே வார்த்தை.

பார்த்துச் சொல் என்றால் அவள் விடுவாளா? வெட்டு முடிந்த மத்தியானங்களில் மைதானத்துக்குப் போனாள். வெறுங்காலில் பத்துப் பந்து அடித்தாள், ஏழு வலப்பக்கம் போயின. அடுத்த நாள் மழைக்குப் போடும் கறுப்புப் பூட்ஸை மாட்டிக்கொண்டு பத்து அடித்தாள், எட்டு. புதுக் கம்பையும் பார்த்துவிடலாம் என்று றிப்னாவிடம் வாங்கி அடித்தாள். பந்து கொஞ்சம் கூடத் தூரம் போனது, ஆனால் மரத்துக்குள்தான் போனது. மிச்சம் இருந்தது சப்பாத்து. கேட்டதும் றிப்னா கழற்றிக் கொடுத்தாள். ஒரு விரற்கடை பெரிசாக இருந்ததால் துணியைத் திணித்துக் கட்டிக்கொண்டாள். பத்துப் பந்தில் ஏழு மறுபடியும் வலப்பக்கம்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் உலகமெல்லாம் சப்பாத்து சப்பாத்து என்றதே, அதைப் போட்டும் ஒன்றுமில்லையே! பொத்தென்று புல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில்தான் அது கண்ணில் பட்டது.

வலக்கால் நின்ற இடத்தில் பல் பல்லாகப் புள்ளி, ஒழுங்காக இருந்தது. இடக்கால் நின்ற இடத்தில் புள்ளி இல்லை. ஈர மண்ணில் அரிவாள் மாதிரி வளைந்த கோடுகள் இருந்தன. பந்தடிக்கும்போது இடக்கால் பின்பக்கமாக இழுபட்டு நகர்ந்திருக்கிறது. வெறுங்காலில் அடித்த நாளில் புல் எதையும் காட்டவில்லை. பூட்ஸும் காட்டவில்லை. அவளுக்கோ கல்லாக நின்று அடித்ததாகத்தான் நினைப்பு.

ஏன் நகர்ந்தது? அந்த வளைவை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எழுந்து, கம்பைப் பால் கத்தி மாதிரிப் பிடித்து, இல்லாத ஒரு மரத்தை வெட்டிப் பார்த்தாள். அட கண்றாவியே! பட்டையில் கத்தி சரிந்து இறங்க இறங்க, வெட்டுகிறவளின் காலும் மரத்தைச் சுற்றி நகரவேண்டும். நகராவிட்டால் வெட்டுக் கோணிப்போகும். பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது மரம் அப்படிச் சுற்றிய கால், பந்தையும் மரமென்று நினைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. தன் காலைப் பார்த்து அவளே வாய்விட்டுச் சிரித்தாள்.

றிப்னாவின் சப்பாத்தை இரவல் வாங்கிப் போட்டுக் காலைக் கட்டிப்போட ஒரு வாரம் பிடித்தது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு குனிந்து மண்ணைப் பார்ப்பாள், கோடு இருந்தால் மறுபடி அடிப்பாள். ஏழு மூன்றானது, மூன்று ஒன்றானது.

புத்தியுள்ளவள் என்றால் இத்தோடு வாயை மூடியிருப்பாள். வேலை ஒன்று, ஆசைப்படுகிறவர்கள் இருவர். ஆனால் பிரேமலதாவுக்கு வேறொரு அரிப்பு தொடங்கிவிட்டது. தன் காலுக்குச் சரியாக இருப்பது இன்னொரு காலுக்கும் சரியாக இருக்குமா? அதைப் பார்க்க இன்னொரு கால் வேண்டுமே! றிப்னாவைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லி, அவள் நின்ற இடத்தில் மண்டியிட்டுப் பார்த்தாள். விரல் பக்கம் ஆழமாகக் குத்தியிருந்தது, குதிகால் பக்கம் புள்ளியே இல்லை. றிப்னா முன்னால் சாய்ந்துகொண்டு அடிக்கிறாள், அதனால்தான் அவளுடைய பந்து சில நேரம் பாதியில் விழுகிறது. சொன்னதும் றிப்னா குதியை ஊன்றி அடித்தாள். பந்து இதுவரை போகாத தூரம் போனது. பிரேமலதா கைதட்டினாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான், என்ன வேலை செய்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தேர்வு நாளில் ஹோட்டல் மனேஜரும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எல்லாருக்கும் ஒரே கம்பு, ஹோட்டல் வாங்கிய புத்தம் புதுக் கம்பு. ஆளுக்கு மூன்று பந்து. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு சந்திரசிறி சேர் "எப்படி?" என்று மட்டும் கேட்டார். றிப்னா மூன்றையும் நேரே அடித்தாள். மூன்று தடவையும், நல்லம் சேர் என்றாள். மனேஜர் தலையாட்டிக்கொண்டே எதையோ எழுதினார். றிப்னா வந்ததும் சப்பாத்தைக் கழற்றி, தானே துணியைத் திணித்துப் பிரேமலதாவிடம் கொடுத்தாள்.

முதல் பந்து நேரே போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதை அடிக்கும்போது பிரேமலதா கொஞ்சம் முந்தி நிமிர்ந்துவிட்டாள். நிமிர்ந்தது அவளுக்கே தெரிந்தது. பழைய இரும்புக் கம்பாக இருந்தால் உள்ளங்கை முதல் முழங்கை வரைக்கும் சுரீரென்று இழுத்திருக்கும். அதற்குத் தயாராகப் பல்லைக் கடித்தாள். ஒன்றும் வரவில்லை. பந்து பாட்டுக்கு நேரே போய்க் கொடிக்குக் கிட்ட விழுந்தது. நுஸ்ஹாகூடக் கைதட்டினாள்.

"எப்படி?" என்றார் சேர்.

நல்லம் என்று சொன்னால் முடிந்தது. மூன்றுக்கு மூன்று. பிரேமலதா கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியலீங்க சேர். நான் தப்பாத்தான் அடிச்சேன். ஆனா கை ஒண்ணுஞ் சொல்லல. அந்தப் பழைய கம்புல இதே மாதிரி ஒண்ணு அடிச்சுப் பார்க்கவா?"

மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். சேர் பழைய கம்பை எடுத்துவரச் சொன்னார். பிரேமலதா வேண்டுமென்றே முன்போலவே முந்தி நிமிர்ந்து அடித்தாள். பந்து தவளை மாதிரி நாலு குதி குதித்துப் பத்தடியில் நின்றது. கை விறுவிறுத்தது. அவள் வலியில் கையை உதறிக்கொண்டே சிரித்தாள்.

"இதேதான் சேர் முந்தி அடிச்சதும். புதுக் கம்பு மூடி மறைச்சிருச்சு, பழசு காட்டிக் குடுத்துருச்சு. புதுசா வர்றவங்க கேட்டா, பல்லு வெச்ச சப்பாத்த மொதல்ல போட்டுப் பாருங்கன்னு சொல்லுவேன், கால் என்ன செய்யுதுன்னு அதுல தெரியும். புதுக் கம்பு இப்ப வேணாம். தப்புத் தெரியாம எப்படிங்க திருத்துறது?"

சொன்ன பிறகுதான், தன் வாயாலேயே தன் மூன்றாவது பந்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று உறைத்தது. சேரும் மனேஜரும் தள்ளிப் போய்ச் சிங்களத்தில் வெகுநேரம் பேசினார்கள். மனேஜருக்கு றிப்னாவை எடுக்க விருப்பம் என்பது எல்லாருக்கும் கேட்டது. விருந்தாளிக்குப் பந்தடித்துக் காட்டவா ஆள் தேடுகிறோம் என்று சேர் திருப்பிக் கேட்டதும் கேட்டது. கடைசியில் பிரேமலதாவின் பேரைச் சொன்னார்கள். ஒன்றாந் திகதி வேலைக்கு வரவேண்டும்.

அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய் றிப்னாவைக் கட்டிக்கொள்ளப் போனாள். றிப்னா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"சப்பாத்து விஷயத்த எனக்குச் சொன்னீங்க. கம்பு விஷயத்த மட்டும் சொல்லல்லயே, லதாக்கா. அத இன்னைக்கின்னு வெச்சிருந்தீங்களா?"

இப்போதுதான் தனக்கே தெரியும் என்று பிரேமலதா சொன்னால் யார் நம்புவார்கள்? சத்தியம் பண்ணலாம், அழலாம். அதையெல்லாம் விட்டுப் பழைய கம்பை நீட்டினாள்.

"நீயும் அடிச்சுப் பாரு."

கோபத்தில் றிப்னா அதைப் பிடுங்கினாள். சற்று முன் மூன்று பந்தை எப்படி அடித்தாளோ அப்படியே, அதே கால், அதே வீச்சு. கணீரென்று ஒரு சத்தம். பந்து சறுக்கிப் பக்கத்துத் தண்ணீர்க் கானில் விழுந்தது. கம்பு கையை விட்டு நழுவியது. உள்ளங்கையை உதறினாள். மறுபடி எடுத்து அடித்தாள், மறுபடியும் அதே சத்தம். மூன்றாவதை அடித்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். பிரேமலதாவும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளுடைய கையை எடுத்துத் தேய்த்துவிட்டாள். றிப்னா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மூணு மாசமா நான் நல்லா அடிக்கிறேன்னு நெனச்சிட்டீந்தேன், லதாக்கா" என்றாள்.